ஏதென்ஸில் கார் எடுத்தால் தெற்கா, வடக்கா?

கையில் ஐந்தாறு நாள்தான் என்றால் தெற்கே பெலோபொனீஸ் தீபகற்பம், வடமேற்கே மெட்டியோராவின் பாறை உச்சி மடங்களும் ஸகோரி மலைக் கிராமங்களும், இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் பாதி விடுமுறை ஹைவேயிலேயே போய்விடும்.

தெற்கே முதல் நாளே ஊர் பார்க்க ஆரம்பித்துவிடலாம். சுமார் 80 கி.மீ.யில் கொரிந்த் கால்வாய், இரண்டு மணி நேரத்தில் நாஃப்பிலியோ என்ற கடலோர ஊர். அங்கே பாலமிடி கோட்டைக்கு நூற்றுக்கணக்கான படி ஏற வேண்டியதில்லை. பின்பக்கம் கார் மேலேயே போகும். வடக்கே மெட்டியோரா அடிவாரத்து ஊரான கலம்பாகா சேரவே 350 கி.மீ., நாலு மணி நேரம். ஸகோரி கிராமங்களுக்கு அங்கிருந்து இன்னும் இரண்டு மணி நேரம்.

சாலையில் நிலைமை தலைகீழ். வடக்கே எக்னாடியா நெடுஞ்சாலை மலையைக் குடைந்து போகிறது. சோதனை கடைசியில்தான், ஸகோரியில் அரிஸ்டி கிராமத்திலிருந்து பாப்பிங்கோ கிராமத்துக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில். தெற்கே, பெலோபொனீஸின் தென்முனையான மானியில் மேப் காட்டும் குறுக்கு வழியை நம்பினால் கல்வீட்டுச் சந்தில் மாட்டிக்கொள்வீர்கள்; கண்ணாடி இரண்டையும் மடக்கிக்கொண்டு ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும். சின்ன ஹேட்ச்பேக் எடுங்கள். வாடகை இன்சூரன்ஸில் டயரும் வண்டியின் அடிப்பாகமும் பெரும்பாலும் சேராது, கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் குறைவு, விலையும் அதிகம். மேனுவலில் கியர் வலது கைக்கு வரும். இந்திய லைசென்ஸோடு ஆர்டிஓவில் வாங்கிய இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வேண்டும். மானி போகிறவர்கள் அங்குள்ள அரியோபோலி ஊரிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்குத் தெற்கே பங்க் அரிது.

தெற்கே, பாலத்தால் கரையோடு இணைந்த பாறைத் தீவான மோனெம்வாசியாவின் கோட்டை ஊருக்குள் கார் போகாது. கோடையில் வாசலருகே இடம் தேடிச் சுற்றுவதைவிட, பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு ஒரு கிலோமீட்டர் நடப்பது மேல். மெட்டியோராவில் இயங்கும் ஆறு மடங்களும் எல்லாம் ஒரே நாளில் மூடுவதில்லை, மூடும் நாள் மடத்துக்கு மடம் மாறும், அதைப் பார்த்துத்தான் தேதி போட வேண்டும். பேன்ட் அணிந்த பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு துணி தேவை.

ஏப்ரல், மே என்றால் கண்ணை மூடிக்கொண்டு தெற்கு. ஜூலை, ஆகஸ்ட்டில் மானியின் பாறை கொதிக்கும், மருந்துக்கும் நிழல் இல்லை, அப்போது ஸகோரிதான். டிசம்பருக்கு மேல் அங்கே பனி விழும், டயர் செயின் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

வடக்கிலிருந்து அயோனினா, பாட்ரஸ் வழியாகத் திரும்புபவர்களுக்கு ஒன்று: பாட்ரஸ் அருகே கடலைக் கடக்கும் ரியோ–ஆண்டிரியோ பாலத்தில் டோல் அதிகம். பக்கத்திலேயே கார் ஏற்றும் ஃபெர்ரி ஓடுகிறது. காத்திருக்க நேரம் இருந்தால் காசு மிச்சம்.