2 ஜிபி கோப்பை நகலெடுத்துக் காட்டும் வேகத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

வீட்டுக்கு நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமித்து எடுக்கும் சிறு கணினி) வாங்க நினைப்பவர்கள், குறிப்பாகப் பெரிய வீடியோக்களைச் சேமிப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

என் தங்கை கல்யாண வீடியோ எடுப்பவள். ஒரு கல்யாணத்துக்கே 300, 400 ஜிபி சேர்ந்துவிடும். அவற்றை ஓரிடத்தில் வைக்க, 16 ஜிபி ரேமும் இரண்டு 8 டிபி ஹார்டு டிஸ்க்கும் 2.5 கிகாபிட் நெட்வொர்க்கும் கொண்ட லினக்ஸ் பெட்டி ஒன்றைச் சேர்த்துத் தரச் சொன்னோம். ஒரு டிஸ்க்கில் எழுதுவது மற்றதிலும் பதியும் மிர்ரர் அமைப்பு. ஒப்படைத்த அன்று கடைக்காரர் தன் மடிக்கணினியிலிருந்து 2 ஜிபி கோப்பு ஒன்றை அனுப்பினார். திரையில் விநாடிக்கு 280 எம்பி. அதே கோப்பைத் திரும்ப எடுத்தார், அப்போதும் 280. இந்த வேகம் எப்போதும் கிடைக்கும் என்று உறுதி சொன்னார்.

அந்த 280 டிஸ்க்கின் வேகமே அல்ல. லினக்ஸ், வரும் தரவை முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு "எழுதியாகிவிட்டது" என்று பதில் சொல்லிவிடும். பிறகுதான் டிஸ்க்குக்கு அனுப்பும். இயல்பான அமைப்பில், பயன்பாட்டுக்குக் கிடைக்கும் ரேமில் சுமார் 20 விழுக்காடு வரை இப்படிக் காத்திருக்கலாம். 16 ஜிபி ரேமில் அது ஏறக்குறைய 3 ஜிபி. 2 ஜிபி கோப்பு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். திரும்ப எடுத்ததும் டிஸ்க்கிலிருந்து வரவில்லை; சற்றுமுன் எழுதியது ரேமிலேயே இருந்தது. நாங்கள் பார்த்தது ரேமும் நெட்வொர்க் கம்பியும் சேர்ந்து காட்டிய வேகம். சர்வர் சேர்த்து விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

முதல் கல்யாணத்தை ஏற்றியபோது சாயம் வெளுத்தது. சில ஜிபி வரை 280, அப்புறம் 150 சொச்சம், போகப்போக 30. இடையிடையே பூஜ்யத்தில் நின்றது. முதலில் கம்பியைக் குறை சொன்னார், பிறகு ரவுட்டரை. ஒவ்வொரு முறையும் சேவைக் கட்டணம் வேறு.

கடைசியில் தொலைவிலிருந்தே ஏதோ சரிசெய்தார். வேகம் கூடியதுபோல் தெரிந்தது. அவர் செய்தது இதுதான்: ரேமில் காத்திருக்கக்கூடிய தரவின் அளவையும் நேரத்தையும் பல மடங்கு உயர்த்திவிட்டார். வழக்கமாக 30 விநாடியைத் தாண்டிய தரவை லினக்ஸ் டிஸ்க்குக்குத் தள்ளத் தொடங்கும். அதை நிமிடக் கணக்கில் நீட்டிவிட்டு எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யூபிஎஸ் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. ஒருநாள் மாலை, நகலெடுத்து முடிந்தது என்று திரை காட்டிய சற்று நேரத்தில் மின்வெட்டு. முகூர்த்தக் கோப்புகளில் சில திறக்கவே இல்லை. கேமரா கார்டை அவள் இன்னும் அழிக்காததால் பிழைத்தோம். தாலி கட்டுவதை யாரும் மறுபடி நடத்திக்காட்ட முடியாது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு பெட்டியைத் திறந்து டிஸ்க்கின் மாடல் எண்ணைப் பார்த்தோம். பில்லில் "8 டிபி நாஸ் டிஸ்க்" என்று மட்டும் இருந்தது. உள்ளே இருந்தவை மேசைக் கணினிக்கான எஸ்எம்ஆர் டிஸ்க்குகள். கூரையில் ஓடு வேய்வதுபோல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமைந்த வகை அது. ஒரு தடத்தை மாற்ற அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். அதைச் சமாளிக்க டிஸ்க்குக்குள் தரவைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் தனிக் கேச் பகுதி உண்டு. அது நிரம்பியதும் வேகம் சரிந்துவிடும். படம் பார்ப்பதற்கு இது போதும். தொடர்ந்து எழுதுவதற்கும் பழுதான டிஸ்க்கை மாற்றி மிர்ரரைப் புதுப்பிப்பதற்கும் ஆகாது. இந்தக் குழப்பம் கடைகளோடு நிற்பதில்லை. ரெட் என்ற நாஸ் வரிசையிலேயே 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், வாடிக்கையாளர்கள் கேள்வி எழுப்பிய பிறகு, 2020 ஏப்ரலில்தான் வெளிப்படுத்தியது. எந்த மாடல் எந்த வகை என்ற பட்டியலைத் தயாரிப்பாளர்கள் இப்போது வெளியிடுகிறார்கள்.

ஆகவே முழு மாடல் எண்ணையும் "சிஎம்ஆர்" (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்ற சொல்லையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ரேமைவிடப் பல மடங்கு பெரிய கோப்புகளை, முடிந்தால் 200, 300 ஜிபி, உங்கள் கண் முன்னே நகலெடுக்கச் சொல்லுங்கள். கடைசிப் பத்து நிமிட வேகம்தான் உங்களுக்குக் கிடைக்கப்போவது. படிக்கும் வேகத்தைப் பெட்டியை மறுதொடக்கம் செய்தபின் பாருங்கள். ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் நடைமுறையில் 110 எம்பி சொச்சம்தான் வரும்; அதற்கு மேல் உறுதி தருபவரை நம்பாதீர்கள். ஹார்டு டிஸ்க்குக்கு முன்னால் எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பான்) கேச்சாகப் போட்டால் தீரும் என்பார்கள். க்யூஎல்சி என்ற மலிவு வகை எஸ்எஸ்டியிலும் உள்கேச் நிரம்பியதும் வேகம் இதேபோல் விழும். யூபிஎஸ் இல்லாமல், எழுத வேண்டிய தரவு ரேமில் காத்திருக்கும் அளவைப் பெரிதாக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

டிஸ்க்கை மாற்றக் கூடுதல் பணம் கேட்கிறார் கடைக்காரர். நாங்கள் மறுத்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். பில், டிஸ்க்குகளின் மேலுள்ள லேபிள் படங்கள், வேகம் சரிந்ததைக் காட்டும் திரைப்பதிவு ஆகியவற்றை இணைத்தோம். "நாஸ் டிஸ்க்" என்று மட்டும் பில் வாங்கியவர்கள், திரும்பக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் உங்கள் பெட்டியின் மாடல் எண்ணைப் பார்த்துவிடுங்கள்.