காசி – கயா யாத்திரைக்குக் கொழும்பில் பணம் கட்டுமுன்

மகாளய பட்சம் நெருங்குகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் காசி – கயா யாத்திரைக்கான துண்டுப்பிரசுரங்கள் மறுபடியும் கைமாறத் தொடங்கிவிட்டன. அப்படி ஒன்றை நம்பிப் பணம் கட்டி, அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு போய் வந்தவன் நான். அப்பாவுக்குக் கயாவில் பிண்டம் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அதைக் காட்டியே எங்களிடம் பணம் பறித்தார்கள்.

"அம்மா, நீங்கள் கடவுச்சீட்டோடு வந்தால் போதும், மிச்சமெல்லாம் எங்கள் பொறுப்பு" என்று அந்த முகவர் வீட்டுக்கே வந்து சொன்னார். ஆளுக்கு 2 இலட்சத்து 85 ஆயிரம் ரூபாய். சென்னை வழியாக விமான டிக்கெட், விசா, கங்கைக் கரையில் தங்குமிடம், சைவச் சாப்பாடு, விசுவநாதர் கோயிலில் சிறப்புத் தரிசனம், கயாவில் தமிழ் தெரிந்த சாஸ்திரிகளோடு சிராத்தம், பிரயாகையில் திரிவேணி சங்கம நீராடல் என எல்லாம் அதற்குள் அடக்கம் என்றார். அவர் தந்த பற்றுச்சீட்டில் இவற்றில் ஒன்றுகூட எழுதப்படவில்லை. "யாத்திரைக் கட்டணம்" என்று மட்டும் இருந்தது.

காசியில் இறங்கிய இரவே வேடம் கலைந்தது. வாகனம் நுழைய முடியாத சந்துகளுக்குள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போனோம். எங்கள் கடவுச்சீட்டைப் பார்த்ததும் அங்கிருந்தவர் அறை இல்லை என்றார். இந்தியாவில் வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் எந்த இடமும் அவர்களுடைய விவரங்களை 24 மணித்தியாலத்துக்குள் வெளிநாட்டவர் படிவம் (வழக்கில் 'சி' படிவம்) மூலம் அரசுக்கு அறிவிக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத சிறு விடுதிகளும் சத்திரங்களும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டைக் கண்டால் மறுத்துவிடுகின்றன. தமிழ் பேசினாலும் நெற்றியில் திருநீறு பூசியிருந்தாலும் சட்டத்துக்கு நாம் வெளிநாட்டவர்தான். வருடா வருடம் ஆட்களைக் கொண்டுபோகும் ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. இந்திய யாத்திரிகர்கள் வருகிறார்கள் என்று சொல்லி மலிவாக அறை பிடித்திருக்கிறார்.

எழுபதைத் தாண்டியவர்கள் நள்ளிரவுவரை அந்தச் சந்தில் பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு எங்களைச் சாரநாத் பக்கம் கொண்டுபோய்த் தங்கவைத்தார்கள். அங்கிருந்து படித்துறைக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவு தூரம். காலை நீராடலுக்கும் தசாசுவமேத படித்துறையின் மாலை ஆரத்திக்கும் ஆட்டோவுக்குக் கொடுத்தது எங்கள் பணம்.

கோயிலிலும் இதே கதை. கூட்டம் அதிகம், தனி வழியில் போக ஆளுக்கு 2,000 இந்திய ரூபாய் வேண்டும் என்று வழிகாட்டி கேட்டார். சிறப்புத் தரிசனத்துக்குக் கோயில் நிர்வாகமே சில நூறு ரூபாய்க்கு டிக்கெட் கொடுக்கிறது. இணையத்திலும் எடுக்கலாம். வரிசையில் நின்ற கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று தங்கள் டிக்கெட்டைக் காட்டியபோதுதான் இந்த விவரமே எங்களுக்குத் தெரிந்தது. மணிகர்ணிகை என்னும் தகனப் படித்துறையில் ஏழைகளின் தகனத்துக்கு விறகு வாங்க என்று சொல்லிப் பணம் கேட்பவர்களையும் நம்பாதீர்கள். அது அங்கே பழைய ஏமாற்று.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கயாவில் நடந்ததைப் பொறுக்க முடியவில்லை.

காசியிலிருந்து கயா ஏறக்குறைய 250 கிலோமீற்றர். விடியுமுன் வான் வண்டியில் ஏற்றினார்கள். பல்குனி நதிக்கரை, விஷ்ணுபாதம் கோயில், அட்சயவடம் என்னும் ஆலமரத்தடி ஆகிய மூன்று இடங்களிலும் பிண்டம் வைப்பதுதான் நம்மவர்கள் பின்பற்றும் முறை. சொன்ன சாஸ்திரிகள் வரவில்லை. வழியில் யாரையோ பிடித்து எங்களை அவரிடம் விட்டுவிட்டு வழிகாட்டி தேநீர் குடிக்கப் போய்விட்டார். சங்கற்பம் சொல்லி, கோத்திரமும் அப்பாவின் பெயரும் சொல்லி, பவித்திரம் போட்ட விரலோடு நான் பிண்டத்தைக் கையில் எடுத்த நேரத்தில் அந்த மனிதர் மந்திரத்தை நிறுத்தினார். 15,000 இந்திய ரூபாய் வைத்தால்தான் மேலே சொல்வாராம். தகப்பனுக்கு வைக்கும் பிண்டத்தைக் கையில் ஏந்திக்கொண்டு யார் பேரம் பேசுவார்கள்? அம்மா அழுதுகொண்டே கைப்பையைத் திறந்தார். விஷ்ணுபாதத்தில் அவசர அவசரமாக முடித்தார்கள். அட்சயவடத்துக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அங்கேதான் பிடித்த காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் இனித் தொடுவதில்லை என்று விடுவார்கள். பலாப்பழத்தை விடுவதென்று அம்மா கொழும்பிலேயே முடிவுசெய்து வைத்திருந்தார். ஒரு கிழவியின் நேர்த்தியில் கைவைத்து மிச்சம்பிடிக்க இவர்களுக்கு எப்படி மனம் வந்தது?

பிரயாகையும் கிடைக்கவில்லை, வீதி நெரிசலாம். சங்கமத்தில் கரைப்பதற்காக இராமேசுவரத்திலிருந்து எடுத்து வந்து பத்திரப்படுத்திய சேது மணலை அம்மா அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

கொழும்புக்கு வந்து கேட்டால், அங்கே நடந்ததற்கு அங்கே உள்ளவர்கள்தான் பொறுப்பு என்கிறார் முகவர். பணத்தை எண்ணி வாங்கியது இங்கே அல்லவா? நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1977. சேவை பெற்ற 3 மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால், இதேபோல அகப்பட்டவர்கள் தள்ளிப்போடாதீர்கள். வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள், துண்டுப்பிரசுரம் எதையும் எறிந்துவிட வேண்டாம்.

புதிதாகப் போக நினைப்பவர்கள், முகவர் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்தவரா, விமான டிக்கெட் விற்கச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் உரிமம் வைத்திருப்பவரா என்று பாருங்கள். உரிம இலக்கத்தைச் சொல்லத் தயங்குபவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். முற்பணம் கட்டிவிட்டவர்கள் விடுதியின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் இன்றே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அறை தருவார்களா, 'சி' படிவம் பதிவார்களா என்று நீங்களே அழைத்துக் கேளுங்கள். கயாவில் சிராத்தம் செய்துவைப்பவர் யார், தட்சணை எவ்வளவு, எந்தெந்த இடங்களில் பிண்டம் என்பதும் அதே தாளில் முகவரின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எழுதித் தர மறுத்தால் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்.