ஒன்றரை மாத முடியில் ஆறு மாத அறிக்கை

என் தம்பிக்குக் கஞ்சாப் பழக்கம் இருந்தது. தீபாவளி முடிந்த கையோடு திருநெல்வேலியில் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். இரண்டு மாதம் உள்ளே இருந்தான், பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தான். அதற்குப் பிறகு தொடவில்லை. அவனைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுக்கா, இன்னொரு வீட்டுல இப்படி நடக்கக் கூடாது" என்றான்.

சித்திரைக் கடைசியில் அந்த மையத்திலிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. "முடி டெஸ்ட் வந்திருக்கு சார், ஆறு மாசத்துல என்ன செஞ்சான்னு மாசவாரியா காட்டிக் கொடுத்துடும்" என்று சொல்லி 9,500 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். காலையில் தம்பியைக் கூட்டிப்போனார் அப்பா. உச்சியில் டிரிம்மரை ஓட்டி, விழுந்ததை ஒரு பிளாஸ்டிக் கவரில் அள்ளினார்களாம். கவரில் பெயர் எழுதவில்லை, சீல் வைக்கவில்லை. தம்பியிடம் சம்மதக் கையெழுத்தும் வாங்கவில்லை. சாயங்காலமே வாட்ஸ்அப்பில் முடிவு வந்துவிட்டது: நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஆறு கட்டம், ஆறிலும் 'பாசிட்டிவ்'.

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் நடந்ததை எழுத எனக்கு மனசு வரவில்லை. அப்பா ஒரே ஒரு அடி அடித்தார், அவ்வளவுதான் சொல்வேன். "தொடலப்பா, சத்தியமா தொடல" என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கையில் அறிக்கை இருக்கிறதே! மறுநாளே 30,000 ரூபாய் முன்பணம் கட்டி, மூன்று மாதத்துக்குத் திரும்பவும் அங்கேயே சேர்த்துவிட்டார்கள்.

நான் கோவில்பட்டியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து அந்தத் தாளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நவம்பர் என்றதுமே அம்மா நிறுத்தினாள். "ஏட்டி, அவன் பங்குனி உத்திரத்துக்குல்லா சாஸ்தா கோயில்ல மொட்டை போட்டான்? கார்த்திகை மாச முடியெல்லாம் அங்கனல்லாட்டி கெடக்கு!"

ஆறு பேர் பார்த்த அறிக்கை அது. பள்ளிக்கூடம் தாண்டாத அம்மாவுக்குத்தான் அது தோன்றியது. அப்புறம்தான் இன்னொன்றும் உறைத்தது: நவம்பர், டிசம்பரில் அவன் அவர்கள் மையத்துக்குள்ளேயேதான் இருந்தான்.

திங்கட்கிழமை பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு மருத்துவரிடம் தாளைக் காட்டினேன். பொறுமையாக விளக்கினார். முடிப் பரிசோதனை பொய்யான சங்கதி இல்லை, முறையாகச் செய்தால் நல்ல கருவிதான். போதைப்பொருள் ரத்தத்தின் வழியாக முடியின் வேருக்குப் போய், முடி வளரும்போது அதற்குள்ளேயே தங்கிவிடுகிறது. தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். ஆகவே தோலை ஒட்டிய 3 செ.மீ. முடி ஏறக்குறைய மூன்று மாதக் கதையைச் சொல்லும். என் தம்பி தலையில் அன்றைக்கு இருந்தது ஒன்றரை செ.மீ. அதில் ஆறு மாதம் எங்கிருந்து வரும்?

பின்தலையில், பென்சில் கனத்துக்கு ஒரு கற்றையைத் தோலை ஒட்டிக் கத்தரிக்க வேண்டும். எது வேர்ப்பக்கம் என்று அடையாளம் வைக்காவிட்டால் மாதவாரியாகப் பிரிக்கவே முடியாது. ஆய்வகத்தில் முதலில் முடியைக் கழுவுவார்கள். முதல் சோதனையில் பாசிட்டிவ் வந்தால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற, மூலக்கூறின் எடையை வைத்துப் பொருளை அடையாளம் காணும் முறையில் உறுதி செய்வார்கள். கஞ்சாவில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் பக்கத்தில் ஒருவர் புகைத்தாலே புகை முடியில் ஒட்டும். உடம்புக்குள் போய் மாறிய பொருள் முடியில் இருக்கிறதா என்று தேடினால்தான் அவரே புகைத்தார் என்று சொல்ல முடியும். எவ்வளவு இருந்தது, எந்த அளவுக்கு மேல் பாசிட்டிவ் என்று எண்ணில் எழுதியிருக்க வேண்டும். எங்கள் தாளில் எண்ணும் இல்லை, ஆய்வகத்தின் பெயரும் இல்லை.

கடைசி ஒரு வாரத்தில் நடந்தது முடியில் தெரியாது, முடி தோலுக்கு மேலே வர வேண்டும் அல்லவா. அதற்குச் சிறுநீர்ப் பரிசோதனைதான். சாயம் பூசினாலும் பிளீச் செய்தாலும் முடியில் அளவு குறைந்துவிடும் என்றும் சொன்னார்.

தம்பியை அனுப்பச் சொல்லி மையத்தில் கேட்டபோது, "சேரும்போது அவனே கையெழுத்துப் போட்டாச்சு, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார்கள். தானாகக் கையெழுத்திட்டுச் சேர்ந்தவர் போகிறேன் என்றால் விடச் சொல்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். இதை மருத்துவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதைச் சொன்ன பிறகு சாயங்காலம் அனுப்பினார்கள். பணம் வரவில்லை. ஹைகிரவுண்டில் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. அப்பா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தம்பி இன்னும் அவரிடம் சரியாகப் பேசுவதில்லை.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு அறிக்கை வந்திருந்தால், பிள்ளையை அடிக்கும் முன்னால் அவன் தலைமுடியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா, மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். போதை மீட்புக்குக் கட்டணமில்லாத தேசிய உதவி எண் 14446. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாளில் புகார் கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி ஆறு கட்டத் தாள் யாரிடமாவது இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், நீங்களும் ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.