24 படி ஒலியளவுக் குமிழ்: இரவில் கேட்பவரின் மதிப்பீடு

ஒலியளவுக் குமிழை உரக்க வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. அந்த அளவில் எல்லாக் குமிழ்களும் நல்லவையே. வீட்டில் மற்றவர்கள் உறங்கிய பிறகு, பாட்டை முணுமுணுப்பாக வைத்துக் கேட்கும்போதுதான் அதன் தரம் தெரியும். நான் பெரும்பாலும் கேட்பது அந்த நேரத்தில்தான். அதற்காகவே டிஏசிக்கும் (டிஜிட்டல் பாட்டை மின் அலையாக மாற்றும் கருவி) ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே, 24 படிகளில் ஒலியைக் குறைக்கும் குமிழ் கொண்ட, மின்சாரமே தேவைப்படாத இந்த 10 கிலோ ஓம் பெட்டியை வைத்திருக்கிறேன்.

முதலில் கணக்கு. டிஏசி தருவது 2 வோல்ட். ஆம்ப்ளிஃபையர் அதை 20 மடங்காக்கினால் 40 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 200 வாட். இரவில் எனக்குத் தேவை ஒரு வாட்டில் மிகச் சிறு பங்கு. ஆக, சுமார் 40 டெசிபல் குறைத்தாக வேண்டும். படிகளின்றி வழுக்கித் திரும்பும் சாதாரண பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) குமிழில் இந்த அளவு தொடக்கத்திலேயே, கொஞ்சம் திருப்பியதுமே வந்துவிடுகிறது. பாட் தடுமாறுவதும் சரியாக அந்த இடத்தில்தான். மலிவான கார்பன் பாட் குமிழில் இடம், வலம் இரண்டுக்கும் அங்கே இரண்டு மூன்று டெசிபல் வேறுபாடு இருப்பது சர்வசாதாரணம்.

பழைய மோனோ ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பாடகரின் குரல் இரு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவே நிற்க வேண்டும். முன்பு என்னிடமிருந்த பாட் குமிழில், ஒலியைக் குறைக்கக் குறைக்க அந்தக் குரல் இடப்பக்கம் நகர்ந்து, கடைசியில் அந்த ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொள்ளும். புதிய பெட்டியில் கடைசிப் படி வரை அது அசையவில்லை. ஒவ்வொரு படியிலும் பக்கத்துக்கு இரண்டே ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்), எல்லாம் 1 சதவீதத் துல்லியம். எவ்வளவு மோசமாகப் பொருந்தினாலும் வேறுபாடு அரை டெசிபலைத் தொடாது. இதற்காகவே இந்தப் பெட்டியை மனதாரப் பாராட்டுகிறேன்.

குறை இல்லாமல் இல்லை. படிக்கு 2 டெசிபல் வீதம் இறங்குகிறது. மௌனத்துக்கு முந்தைய படி மைனஸ் 44 டெசிபல். அதாவது 40 டெசிபலாவது குறைக்க வேண்டிய என் இரவுகளுக்கு மூன்றே படிகள்தான் மிஞ்சுகின்றன. ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டில் எப்போதும் 10 டெசிபல் குறைக்கும் நிலைத் தணிப்பான் ஒன்றைச் செருகிய பிறகு நடுப்படிகளும் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. ரிமோட் கிடையாது. எழுந்து போய்த் திருப்ப வேண்டும் என்பது சிலருக்கு எரிச்சலாக இருக்கும். அவர்கள் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வகையைப் பார்க்கலாம்: ஆறு ரிலேக்களில் 64 படிகள் கிடைக்கும், ரிமோட்டும் உண்டு. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெட்டிக்குள் 'டிக்' என்று கேட்கும்.

குமிழே இல்லாமல், மென்பொருளைக் கொண்டு டிஜிட்டலிலேயே குறைத்தால் என்ன? 6 டெசிபல் குறைப்புக்கு, ஒலியின் நுணுக்கத்தைத் தாங்கும் பிட்களில் ஒன்று போகும். 40 டெசிபலுக்கு ஏறக்குறைய ஏழு பிட். 24 பிட் டிஏசியில் அதற்குப் பிறகும் 17 பிட் மிச்சம் இருப்பதால் தரம் கெடும் என்ற அச்சம் தேவையில்லை. என் தயக்கம் வேறு. மென்பொருள் ஒருமுறை தடுமாறி முழு அளவில் திறந்துவிட்டால் அந்த 200 வாட்டும் நேராக ஸ்பீக்கரில் போய் இறங்கும். கையால் திருப்பும் இரும்புக் குமிழில் அந்தப் பயம் இல்லை.

வாங்குபவர்கள் 10 கிலோ ஓம் வகையையே கேளுங்கள். அதன் வெளியீட்டுத் தடை மிஞ்சிப்போனால் 2.5 கிலோ ஓம். 50 கிலோ ஓம் வகையில் அது 12.5 வரை போகும். ஐந்து மீட்டர் கேபிளும் சேர்ந்தால் உச்ச ஒலிகள் குறைந்து, சிம்பல் என்ற தாளத்தட்டின் மினுமினுப்பு மழுங்கத் தொடங்கிவிடும்.