பி0401 வந்ததும் வால்வை மாற்ற வேண்டாம்: ஒரு டீசல் காரோடு சில வருட அனுபவம்

என்னுடையது 1500 சிசி டீசல் கார். கூடவே காரின் கம்ப்யூட்டர் தரும் எண்களைப் போனில் காட்டும் ஒரு சின்ன புளூடூத் ஓபிடி அடாப்டரும் சில வருடங்களாக டேஷ்போர்டில் கிடக்கிறது. எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும் ஏற்பாடுதான் ஈஜிஆர், அந்தப் பாதையைத் திறந்து மூடுவது ஈஜிஆர் வால்வு. இந்த ஈஜிஆர் தொல்லை வெவ்வேறு ரூபத்தில் வந்து போய்விட்டது. அதை வைத்து ஒன்றை அடித்துச் சொல்வேன்: செக் இன்ஜின் விளக்கு எரிந்து பி0401 என்ற கோளாறுக் கோடைக் காட்டினால், உடனே புது வால்வு வாங்க ஓடாதீர்கள். இன்டேக்குக்குள் வரவேண்டிய அளவு புகை வரவில்லை, அந்தக் கோட் சொல்வது அவ்வளவுதான். யாரால் வரவில்லை என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பல டீசல் கார்களில் ஈஜிஆர் புகையை நேரடியாக அளக்கும் சென்சார் கிடையாது. வால்வு திறந்தால் புகை உள்ளே இடம்பிடிக்கும், அந்த அளவுக்கு வெளிக்காற்று குறையும். உள்ளே வரும் வெளிக்காற்றை அளக்கும் மாஃப் சென்சார் அந்தக் குறைவைக் காட்டுகிறதா என்றுதான் இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியு பார்க்கிறது. அதே எண்ணை நாமும் பார்க்கலாம்.

எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றுக்குத் தன் கொள்ளளவில் பாதி காற்றை இழுக்கும். 1500 சிசி, 800 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 600 லிட்டர், நொடிக்கு 10 லிட்டர். லிட்டருக்குச் சுமார் 1.2 கிராம் வைத்தால் 12 கிராம். சிலிண்டர் முழுசாக நிரம்பாது என்பதால், ஈஜிஆர் மூடியிருக்கும்போது 10 கிராமை ஒட்டி வரும். திறந்தால் அதைவிட நன்றாக இறங்க வேண்டும். இன்ஜின் சூடான பிறகு பாருங்கள், குளிர்ந்த நிலையில் வால்வை ஈசியு பெரும்பாலும் திறக்காது.

முதல் தடவை, திறக்கச் சொல்லி கட்டளை போகிறது, மாஃப் எண் அசையவே இல்லை. காட்டிய பட்டறையில் வால்வு போய்விட்டது என்றார்கள். என் காரில் இருப்பது வாக்குவம் வால்வு, காற்றை உறிஞ்சும் இழுப்பில் திறப்பது. அதனால் வாக்குவம் கைப்பம்பை நேராக அதில் மாட்டி இழுத்தேன். எண் சட்டென்று இறங்கியது, இன்ஜின் சத்தமும் மாறியது. அப்போதே வால்வும் பாதையும் நன்றாக இருக்கின்றன என்று தெரிந்துவிட்டது. அந்த வாக்குவத்தைத் திறந்து மூடும் மின்சார சுவிட்சான சொலினாய்டுக்குப் போகும் ஹோஸ் வளைவில் வெடித்திருந்தது. ஹோஸை மாற்றியதோடு சரி. இந்த ஒரு சோதனைக்காகவே கைப்பம்பு வாங்கலாம் என்பேன்.

அப்புறம் வந்தது நேர் எதிர். ஐடிலிங்கில் நடுக்கம், மிதித்தால் கரும்புகை, பிக்கப் இல்லை. வால்வைத் திறக்கும் கட்டளை பூஜ்யம், ஆனால் மாஃப் எண் குறைவாகவே நின்றது. ஏர் ஃபில்டர் சுத்தம். மாஃப் சென்சார் அழுக்கானாலும் எண் குறையும், அதனால் அதை முதலில் கிளீனர் அடித்துப் பார்த்தேன், மாற்றமில்லை. வால்வைக் கழற்றினால், அது மூடும்போது வந்து உட்காரும் இடத்தில் கரிக்கட்டி சிக்கி மூட விடாமல் பிடித்திருந்தது. சுத்தம் செய்து புது கேஸ்கெட்டோடு மாட்டினேன். எண் பழைய இடத்துக்கு வந்தது. வாக்குவத்துக்குப் பதில் மோட்டாரால் திறக்கும் வால்வு உள்ளவர்கள் கிளீனரை மோட்டார் பக்கம் விடாதீர்கள், வால்வின் தகட்டையும் கையால் நெம்பாதீர்கள். மாட்டியபின் ஸ்கேனரில் அடாப்டேஷன், அதாவது வால்வின் நிலையை ஈசியுவுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது, கேட்கும் கார்களும் உண்டு.

தகடு வைத்து ஈஜிஆரை அடைத்துவிடலாம் என்று சொல்பவர்கள் நிறைய. எனக்கு உடன்பாடில்லை. எரியும் வெப்பத்தைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடைக் கட்டுப்படுத்தத்தான் இந்த ஏற்பாடே இருக்கிறது. அடைத்தால் அந்தப் புகை எல்லோர் நுரையீரலுக்கும் போகும், பல நாடுகளில் சட்டப்படியும் குற்றம். பி0401 வேறு திரும்பவும் வந்து நிற்கும்.

கூலன்ட் மட்டம் காரணமில்லாமல் இறங்கி, வெள்ளைப் புகையும் வந்தால், ஈஜிஆர் புகையைக் கூலன்டால் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலரைச் சந்தேகியுங்கள். அதற்குக் கோட் எதுவும் வராமலே இருக்கலாம். பிரஷர் டெஸ்ட் செய்தால்தான் தெரியும், அந்த வேலைக்கு இந்த அடாப்டர் உதவாது.