அத்தியாயத் திட்டமா, போக்கில் எழுதுவதா?

நாகர்கோவிலில் நாவல் எழுதத் தொடங்கும் நண்பர்கள் பலரும், அத்தியாயங்களை முன்பே திட்டமிடுவதா, திட்டமின்றிக் கதை போகும் போக்கில் எழுதுவதா என்று இவ்விரண்டுக்கும் நடுவே தயங்குகிறார்கள்.

உழைப்பு: திட்டமிட்டால் முதல் சில வாரங்கள் ஒரு வரிகூட எழுதாமல் கழியும், போக்கில் எழுதினால் அந்த உழைப்பு திருத்தத்தின்போது இரட்டிப்பாகத் திரும்பி வரும்.

வேகம்: குளச்சல் போர் நடந்த 1741 முதல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1 வரை நீளும் கதையில், எந்த ஆண்டைக் காட்சியாக விரிப்பது, எதை ஒரே பத்தியில் தாண்டுவது என்பதைத் திட்டம் முன்பே தீர்த்துவிடும். போக்கில் எழுதுபவர் தொடக்கத்திலேயே தங்கிவிடுவார். என் கைப்பிரதியில் தோவாளைப் பூச்சந்தையின் ஒரு விடியற்காலை மட்டும் 40 பக்கங்களை விழுங்கியது. (அந்தப் பக்கங்களில்தான் உயிர் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

ஆகவே தலைமுறைகளைத் தாண்டும் வரலாற்று நாவலுக்குத் திட்டமே பொருந்தும். ஒரே வீட்டுக்குள், ஒரு மழைக்காலத்துக்குள் முடியும் கதையைப் போக்கில் எழுதிப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.