கேட்டெழுதல் விடைத்தாள்களுக்குப் புள்ளியிடும் கல்லடிச் சேவை: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

மட்டக்களப்பில் மேலைத்தேய சங்கீதம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு மாணவரின் விரல்களைச் சோதிப்பதற்கு வழிகள் பல உண்டு. செவியைச் சோதித்து அதற்கு நியாயமான புள்ளி வழங்குவதற்கான வழிகள் மிகக் குறைவு. பிரித்தானிய இசைப் பரீட்சை நிறுவனமான ஏபிஆர்எஸ்எம்மின் செய்முறைத் தரப் பரீட்சைகளின் செவித்திறன் பகுதியில் மாணவர் பாடியும் கைதட்டியும் வாயால் விடை சொல்லியும் தம் திறனைக் காட்டுகிறாரே ஒழிய, கேட்ட இசையைத் தாளில் எழுதிக் காட்டுவதில்லை. அதே நிறுவனத்தின் முதல் ஐந்து தரங்களுக்குரிய இசைக் கோட்பாட்டுப் பரீட்சையோ கணினித் திரையில் விடையைத் தெரிவுசெய்யும் முறைக்கு மாறிவிட்டது. ஆகவே, உயர் தரங்களில் சிறப்புச் சித்தி பெற்ற பிள்ளைகூட, பியானோவில் ஒலிக்கும் ஒரு சிறிய மெலடியை எழுதச் சொன்னால் முதல் பாரை, அதாவது பார்க் கோட்டால் பிரிக்கப்படும் முதல் கட்டத்தை, தாண்டுவதற்குள் தடுமாறுவதைக் காண்கிறோம்.

இந்த இடைவெளியை நிரப்பும் நோக்குடன், கல்லடியில் ஒரு வீட்டின் மேல்மாடியில், பெயர்ப்பலகை எதுவுமின்றி, ஓய்வுபெற்ற இசை ஆசிரியர்கள் இருவர் கேட்டெழுதல் மாதிரிப் பரீட்சை நடத்தி, விடைத்தாள்களைத் திருத்தி, ஒவ்வொரு மாணவருக்கும் எழுத்தில் அறிக்கை வழங்கி வருகின்றனர். மட்டக்களப்பு நகரப் பிள்ளைகளுடன் கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று ஆகிய இடங்களிலிருந்து வருபவர்களும் இதில் தோற்றுகின்றனர். கல்லடியிலேயே அமைந்துள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கர்நாடக சங்கீதம் பயில்பவர்களும் ஆர்வத்தால் வந்து அமர்வதுண்டு. என் மாணவர்களை அங்கே அனுப்பி, திரும்பி வந்த தாள்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்தவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன். வசதிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: மின்விசிறிகள் சத்தமின்றிச் சுழல்கின்றன, மேசைகள் போதிய இடைவெளியுடன் இடப்பட்டுள்ளன, கட்டணம் தனியார் இசை வகுப்பொன்றுக்கு ஒரு வாரத்துக்குச் செலுத்துவதை விட அதிகமில்லை. கவனித்துப் பேச வேண்டியது அவர்களுடைய புள்ளித்திட்டத்தையே.

மெலடிப் பகுதியில் கீயும் தொடக்கச் சுரமும் வினாத்தாளிலேயே தரப்படுகின்றன. முதலில் தோனிக் கோர்ட் (கீயின் முதல் சுரமான தோனிக்கின் மேல் அமைந்த சுரக்கூட்டு) ஒலிக்கிறது. பின்னர் எட்டு பார் கொண்ட மெலடி முழுவதும் ஒருமுறை, இரு பாதிகளாக ஒவ்வொருமுறை, இறுதியாக மீண்டும் முழுவதும் வாசிக்கப்படுகிறது. இடையில் எழுதுவதற்கு நேரம் விடப்படுகிறது. திருத்தும்போது ஒவ்வொரு பாரையும் இரு துண்டுகளாகப் பிரித்து, துண்டு ஒன்றுக்குச் சுர உயரத்துக்கு ஒரு புள்ளியும் தாளத்துக்கு ஒரு புள்ளியும் தனித்தனியே இடுகின்றனர். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர் எழுதும் ஏபி மியூசிக் தியரி பரீட்சையிலும் மெலடி துண்டு துண்டாகவே மதிப்பிடப்படுகிறது. ஆனால் அங்கே ஒரு மெலடிக்கு மொத்தம் 9 புள்ளிகளே உள்ளமையால், சுரம் சரியாகவும் தாளம் பிழையாகவும் உள்ள துண்டுக்கு நுணுக்கமாகப் பங்கிட்டு வழங்க இடம் குறைவு. ஆயிரக்கணக்கான தாள்களை விரைந்து திருத்த வேண்டிய பரீட்சைக்கு அது பொருந்தும். ஒரு பிள்ளைக்கு எங்கே பயிற்சி தேவை என்று அறிய விரும்பும் ஆசிரியருக்குக் கல்லடி முறையே உதவும்.

துண்டாகப் பிரிப்பது எவரும் செய்யக்கூடியது. இவர்களுடைய தனித்திறமை, ஒரு பிழைக்கு ஒருமுறை மட்டுமே தண்டனை என்ற கொள்கையை மெலடிப் பகுதியில் பொறுமையுடன் கடைப்பிடிப்பதில் இருக்கிறது. என் மாணவி ஒருத்தியின் தாளை எடுத்துக்கொள்கிறேன். எஃப் மேஜரில் அமைந்த மெலடி, தொடக்கச் சுரத்திலிருந்து ஐந்தாம் சுரமான சீக்குத் தாவி, அங்கிருந்து படிப்படியாக இறங்கி எஃப்பில் முடிகிறது. அவள் அந்தத் தாவலை நான்காகக் கேட்டு பீ ஃப்ளாட்டை எழுதிவிட்டாள். அதன் பின்னர் வந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றையும் சரியாகப் பின்தொடர்ந்தாள். ஆகையால் எல்லாச் சுரங்களும் ஒரு படி தாழ்ந்து, மெலடி ஈயில் போய் முடிந்தது. சரியான விடையைப் பக்கத்தில் வைத்துச் சுரம் சுரமாக ஒப்பிட்டால் முதல் சுரத்துக்குப் பின் புள்ளியே கிடைக்காது. கணினிச் செயலிகள் பலவும் இவ்வாறே நிலைக்கு நிலை ஒப்பிட்டு முழுவதையும் சிவப்பாக்கிவிடும். மாறாக, சுரங்களுக்கு இடையிலான தூரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் ஒரேயொரு பிழைதான் காணப்படும். ஆயினும் அதுவும் முழு நியாயம் ஆகாது, ஏனெனில் மெலடி வீட்டுக்குத் திரும்பிவிட்டதை உணரும் செவி ஈயில் முடிக்கச் சம்மதிக்காது. கல்லடிப் பரீட்சகர்கள் தாவலுக்குரிய புள்ளியைக் கழித்தனர். அடுத்து வந்த நகர்ந்த பகுதிக்குச் சுரப் புள்ளியில் பாதியை வழங்கினர். தோனிக்கில் முடிவதற்கென ஒதுக்கியிருந்த தனிப் புள்ளியை வழங்கவில்லை. அறிக்கையில், "தாவலை அளக்கப் பழகவும், முடிவில் தோனிக்கைப் பாடிப் பார்த்துச் சரிபார்க்கவும்" என இரு வரிகள் எழுதியிருந்தனர். அவளுக்கு அடுத்த மாதம் முழுவதும் என்ன கற்பிக்க வேண்டும் என்பதை அந்த இரு வரிகளே எனக்குச் சொல்லிவிட்டன.

தாளத்திலும் இதே அணுகுமுறை தொடர்கிறது. புள்ளியிட்ட குரொச்செட்டும் (ஒன்றரை அடி) குவேவரும் (அரை அடி) வரும் இடத்தில் ஓரடி நீளமுள்ள இரண்டு குரொச்செட்டுகளை எழுதுவது பிள்ளைகள் வழமையாக விடும் பிழை. அதில் பாரின் நீளம் மாறுவதில்லை, சேதமும் அந்தத் துண்டோடு நின்றுவிடும். ஒரு அடியையே விட்டுவிட்டால்தான் தொல்லை: அதன் பின்னர் பார்க் கோடுகள் அனைத்தும் இடம் பெயர்ந்து, சரியாகக் கேட்ட சுரங்களும் பிழையான பாரில் போய் அமர்ந்துவிடும். இங்கே பரீட்சகர் பென்சிலால் மெல்லிய கோடிட்டு, மாணவரின் எழுத்து மீண்டும் எந்த அழுத்தத்தில் விடையோடு ஒத்துச் செல்கிறது என்று தேடி, அங்கிருந்து புள்ளியைத் தொடர்கிறார். நேரம் எடுக்கும் வேலை. தாள்கள் திரும்பி வரத் தாமதமாவதற்கும் அதுவே காரணம் என்று ஊகிக்கிறேன்.

ஒரு கேள்வியில் மட்டும் தாளக் குறி தரப்படுவதில்லை. அதில் 6/8 மெலடியைப் பல பிள்ளைகள் 3/4 ஆக எழுதுகின்றனர், இரண்டிலும் பாருக்கு ஆறு குவேவர்கள் இருப்பதால். சுரமும் நீளமும் சரியாக இருக்க, குவேவர்களை மும்மூன்றாகச் சேர்க்காமல் இரண்டிரண்டாகச் சேர்த்திருந்தால் அது செவியின் பிழையா, எழுத்தின் பிழையா? இவர்கள் தாளப் புள்ளிகளைத் தக்கவைத்து, குறிக்கும் தொகுப்புக்கும் உரியதை மட்டும் கழிக்கின்றனர். மட்டக்களப்புப் பறங்கியர் திருமண வீடுகளில் ஒலிக்கும் கஃப்றிஞ்ஞாவுக்கு ஆடத் தெரிந்த பிள்ளைக்கு 6/8 உடம்பிலேயே இருக்கிறது. அதைத் தாளில் எப்படி எழுதுவதென்றுதான் எவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆகவே இந்தப் பாகுபாட்டை நான் முழுமையாக ஏற்கிறேன்.

மைனர் கீயில் வரும் ஏழாம் சுரத்தைப் பற்றிய அவர்களுடைய நடைமுறை இன்னும் சுவையானது. ஏ மைனரில் ஜீ ஷார்ப் ஒலித்திருக்க, மாணவர் ஷார்ப் குறியின்றி வெறும் ஜீயை எழுதியிருந்தால், அவர் அரைச் சுரத்தைக் கேட்கவில்லையா, கேட்டும் குறியை மறந்தாரா என்பது தாளிலிருந்து தெரிய வழியில்லை. விடைத்தாளைத் திருப்பித் தரும் நாளில் பரீட்சகர் மாணவரை அழைத்து, தாம் எழுதியதைத் தாமே பாடிக் காட்டச் சொல்கிறார். என் மாணவன் ஒருவன் ஜீ ஷார்ப்பைத் தெளிவாகப் பாடிவிட்டு, "மிஸ், பாடினது சரி, எழுதினதுதான் பிழை" என்று சிரித்தானாம். இழந்த புள்ளி திரும்பக் கிடைப்பதில்லை. அதில் அவர்கள் உறுதியாக இருக்கின்றனர். ஆனால் அறிக்கையில் "கேள்வி" (செவியால் கேட்டது), "எழுத்து" என்று இரு நிரல்கள் உள்ளன. பிழை இரண்டாவது நிரலுக்கு மாற்றப்படுகிறது. ஜீ ஷார்ப்புக்குப் பதிலாக ஏ ஃப்ளாட் எழுதியவருக்குப் பாதிப் புள்ளி. விசைப்பலகையில் இரண்டும் ஒரே கட்டையாக இருந்தாலும், ஏயை நோக்கி ஏறும் சுரத்தை ஏ என்ற பெயராலேயே எழுதுவது இலக்கணப் பிழை என்பதால், அதுவும் பொருத்தமான தண்டனையே.

கர்நாடக சங்கீதம் பயின்றவர்களின் தாள்களை ஆசிரியர் ஒருவர் வழியாகப் பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது. ஆதார சுருதியைப் பற்றிக்கொண்டே கேட்கும் பழக்கத்தால், அவர்கள் தாளின் ஓரத்தில் சரிகமபதநி எழுதிவிட்டுப் பிறகே கோடுகளுக்கு மாற்றுகின்றனர். சீ மேஜரில் தொடங்கிய மெலடி ஜீ மேஜருக்கு நகரும்போது தோன்றும் எஃப் ஷார்ப் அவர்களுக்குப் பிரதி மத்திமமாகவே கேட்கிறது. என் மாணவர்கள் கோட்டைவிட்ட அந்தச் சுரத்தை அவர்கள் தவறவிடவில்லை. ஓரத்தில் எழுதிய சுர எழுத்துகளுக்கும், கோடுகளில் இடம் மாறி எழுதப்பட்ட சுரத்துக்கும் முரண்பாடு இருந்தால், பரீட்சகர்கள் எழுத்துகளைப் பார்த்து அறிக்கையில் குறிப்பிடுகின்றனர். புள்ளி கோடுகளுக்கு மட்டுமே. பரந்த மனமும் கண்டிப்பும் இங்கே அளவாகச் சேர்ந்திருக்கின்றன.

ஹார்மனிப் பகுதிக்கு, அதாவது ஒருங்கே ஒலிக்கும் கோர்ட்டுகளைக் கேட்டு எழுதும் பகுதிக்கு, வரும்போது இந்த நுணுக்கம் அனைத்தும் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. நான்கு குரல்களில் எட்டு கோர்ட்டுகள் வாசிக்கப்படுகின்றன. மாணவர் மிக மேலுள்ள சொப்ரானோ வரியையும் மிகக் கீழுள்ள பேஸ் வரியையும் எழுதி, அடியில் ஒவ்வொரு கோர்ட்டும் கீயின் எத்தனையாம் சுரத்தின் மேல் அமைந்தது என்பதைக் காட்டும் ரோம எண்ணையும் இட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, ஆக 24. ஏபி பரீட்சையின் ஹார்மனிக் கேள்விக்கும் 24 புள்ளிகளே என்பதால் மாதிரி அங்கிருந்து வந்திருக்கலாம். எண்ணிக்கையில் குறையில்லை. ஒரு பிழை ஒருமுறை என்ற கொள்கையைக் கைவிட்டதுதான் குறை. சீ மேஜரில் நான்காம் கோர்ட்டை (எஃப்-ஏ-சீ) அதன் மூல நிலையில், அதாவது எஃப் அடியில் இருக்க, வாசித்திருக்க, மாணவர் பேஸில் எஃப்புக்குப் பதிலாக ஏ கேட்டு எழுதி, அந்த ஏக்குப் பொருத்தமாக நான்காம் கோர்ட்டின் முதல் இன்வேர்ஷன் (அதன் நடுச் சுரம் அடியில் வரும் வடிவம்) என்று குறித்தால், அவர் கோர்ட்டைச் சரியாக இனங்கண்டிருக்கிறார்; தம் பேஸ் வரிக்கு உண்மையாகவும் இருந்திருக்கிறார். அவருக்கு பேஸ் புள்ளியும் இல்லை, எண்ணுக்கான புள்ளியும் இல்லை. மெலடியில் காட்டிய அதே நியாயத்தை இங்கே காட்டியிருந்தால் எண்ணுக்குப் பாதியேனும் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னோர் உதாரணம். சீ மேஜரில் நான்காம் கோர்ட்டுக்கும் இரண்டாம் கோர்ட்டின் முதல் இன்வேர்ஷனுக்கும் பேஸ் எஃப்தான். சொப்ரானோவில் ஏ இருந்தால், இரண்டையும் வேறுபடுத்துவது உட்குரலில் உள்ள சீயா, டீயா என்பது மட்டுமே. இரண்டும் ஐந்தாம் கோர்ட்டுக்கு இட்டுச்செல்லும் ஒரே வேலையைச் செய்பவை. இரு வரிகளையும் சரியாக எழுதி, எண்ணை மட்டும் மாற்றி இட்ட பிள்ளைக்கும், அந்த இடத்தில் ஆறாம் கோர்ட் என்று குருட்டாம்போக்கில் எழுதிய பிள்ளைக்கும் ஒரே பூச்சியம் வழங்குவது புள்ளியிடல் ஆகாது. ஐந்தாம் கோர்ட்டின் ஏழு சேர்ந்த வடிவத்தின் இரண்டாம் இன்வேர்ஷனையும் ஏழாம் கோர்ட்டின் முதல் இன்வேர்ஷனையும் மயங்குவதும் இவ்வகையே. நடுவில் ஒரு ஜீ இருக்கிறதா இல்லையா என்பதே வித்தியாசம்.

முடிவுக்குச் சற்று முன்னர் வரும் ஆறு-நான்கு கோர்ட்டை (பேஸுக்கு மேலே நான்காம், ஆறாம் சுரங்கள் அமையும் கோர்ட்) எழுதுவதில் இரு மரபுகள் உள்ளன. ஆங்கிலேய மரபு அதனை ஒன்றாம் கோர்ட்டின் இரண்டாம் இன்வேர்ஷனாகக் கருதி எழுத்தொன்றைச் சேர்க்கிறது. அமெரிக்கப் பாடநூல்கள் பலவும் அதனை ஐந்தாம் கோர்ட்டின் மேல் நிகழும் அலங்காரமாகக் கருதி, ஐந்தின் அருகே எண்களை அடுக்குகின்றன. இணையக் காணொளிகளில் கற்ற பிள்ளைகள் இரண்டாவது வகையில் எழுதுகின்றனர்; இங்கே அதற்குப் புள்ளி இல்லை. இரண்டையும் ஏற்கலாம் என்று நான் எழுத்தில் கேட்டதற்கு, "வினாத்தாளின் முகப்பில் முறை அறிவிக்கப்பட்டுள்ளது" என்ற பதில் வந்தது. அறிவித்தல் உண்மைதான், ஆனால் அளக்கப்படுவது செவியே ஒழிய மரபு அல்லவே. போதாக்குறைக்கு, மாணவரின் இரு வரிகளுக்கு இடையே இணை ஐந்துகள் (இரு குரல்களும் ஐந்தாம் சுர இடைவெளி மாறாமல் சேர்ந்து நகர்வது) வந்த இடங்களைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டுகின்றனர். புள்ளி கழிக்கப்படுவதில்லை என்றாலும், கேட்டதை எழுதச் சொன்ன தாளில் இயற்றுதலின் விதியைக் கொண்டுவருவது தேவையற்றது.

இதைவிட முக்கியமான குறை கருவியில் உள்ளது. மெலடிப் பகுதிக்குப் பியானோ வாசிக்கப்படுகிறது. ஹார்மனிப் பகுதியோ முன்கூட்டியே பதிந்த ஒலியாக, கையடக்கக் கீபோர்டின் உள்ளமைந்த சிறிய ஒலிபெருக்கியில் வருகிறது. அத்தகைய ஒலிபெருக்கிகள் கீழ்ச் சுரங்களின் அடி அதிர்வைச் சரியாக வெளியிடுவதில்லை. பின்வரிசையில் இருப்பவருக்கு பேஸ் எந்த ஸ்தாயியில் நகர்கிறது என்பதே மங்கிவிடும். எட்டு பேஸ் புள்ளிகளும், அவற்றைத் தொடர்ந்து எட்டு எண் புள்ளிகளும் அந்தப் பெட்டியின் தயவில் நிற்கின்றன. பியானோ அதே அறையில்தான் இருக்கிறது. ஹார்மனியையும் அதில் வாசித்து, பேஸ் வரியைச் சற்று அழுத்தமாகத் தருவதில் சிரமம் இராது என்றே நினைக்கிறேன்.

மெலடிப் பயிற்சிக்காக என் பிள்ளைகளைத் தொடர்ந்து அனுப்புவேன். வேறு ஆசிரியர்களும் தயங்காமல் அனுப்பலாம். ஹார்மனித் தாளின் மொத்தப் புள்ளியைப் பெற்றோரிடம் காட்டுவதற்கு முன்னர், ஆசிரியரே அமர்ந்து ரோம எண் வரியை மீண்டும் பார்த்து, தம் கணக்கை ஓரத்தில் எழுதிக் கொடுப்பது நல்லது. அனுப்புபவர்கள் பிள்ளையிடம் பேனா அல்லாமல் பென்சிலும் அழிப்பானும் கொடுத்துவிட வேண்டும். ஸ்டேவ் தாள் (ஐந்து கோட்டு இசைத்தாள்) அங்கேயே தரப்படுகிறது. தாள் திருப்பித் தரும் நாளுக்குப் பிள்ளை நேரில் போகாவிட்டால் பாடிக் காட்டும் வாய்ப்பு இல்லாமற்போய், எழுத்துப் பிழைகளும் செவிப் பிழைகளின் நிரலிலேயே நின்றுவிடும். ஆகவே தூரத்திலிருந்து வருபவர்கள் அந்த நாளுக்குரிய பஸ் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.